பழைய சலவை யந்திரத்தைக் காப்பாற்றும் வழி

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. இது தேருக்கு மட்டுமன்று, சுழன்று வேலை செய்யும் எல்லாச் சாதனங்களுக்கும் பொருந்தும். செக்கையும் கரும்பாலையையும் வண்டிச் சக்கரத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பழுது பார்த்து வந்த நம் கிராம மக்கள், வீட்டிற்குள் வந்திருக்கும் சலவை யந்திரத்தைக் கண்டு மட்டும் தயங்கி நிற்கிறார்கள். அதன் தொட்டிக்குக் கீழே இருப்பவையும் ஓர் அச்சு, ஒரு பெல்ட், சில பற்சக்கரங்கள் ஆகியவையே என்பதை அறிந்தால் அத்தயக்கம் நீங்கிவிடும்.

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் ஒரு விவசாயியின் வீட்டிற்கு நாம் சென்றிருந்தோம். இரட்டைத் தொட்டி கொண்ட பழைய சலவை யந்திரம் ஒன்று திண்ணையில் நின்றது. ஒரு தொட்டியில் கேழ்வரகும் மற்றொன்றில் துவரையும் கொட்டி வைத்திருந்தார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்த யந்திரம் அது. "கரகரவென்று சத்தம் வந்ததுங்க. கியர் போயிடுச்சு, இனி புதுசுதான் வாங்கணும்னு சொல்லிட்டாங்க" என்றார் வீட்டுக்கார அம்மையார். கொல்லைப் புறத்தில் துவைகல்லின் மேல் வீட்டார் அனைவருடைய துணிகளும் குவிந்து கிடந்தன.

விவரம் அறிந்த ஒருவரைக் கொண்டு அந்த யந்திரத்தைத் திறந்து பார்க்கச் செய்தோம். பற்சக்கரங்களில் ஒரு பல் கூட உடைந்திருக்கவில்லை. அச்சைச் சுற்றியிருந்த சிறு ரப்பர் வளையம் தேய்ந்து, அதன் வழியே சோப்பு நீர் இறங்கி, பேரிங் துருப்பிடித்திருந்தது. அவ்வளவுதான் குறை. வளையமும் பேரிங்கும் மாற்றப்பட்ட பிறகு யந்திரம் மீண்டும் ஓடியது. சின்னஞ்சிறு உறுப்பு ஒன்று தேய்ந்ததற்காக முழு யந்திரத்தையும் கைவிட்டு, ஒரு பெண்மணி நெடுநாள் கைகடுக்கத் துவைத்து வந்திருக்கிறார். இது போன்ற வீடுகள் இன்னும் பல இருக்கக்கூடும் என்பதாலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

விசை செல்லும் பாதை

புதுச்சேரியில் 1980களின் இறுதியில் டி.வி.எஸ். நிறுவனத்தாரும் வேர்ல்பூல் நிறுவனத்தாரும் கூட்டாகச் சலவை யந்திரத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார்கள். அதன் பின்னர் இவ்வகை யந்திரங்கள் தமிழ்நாட்டு நகரங்களிலும், நாளடைவில் கிராமங்களிலும் பரவின. கிராமங்களில் பழைய யந்திரங்களாக இன்று காணப்படுபவற்றுள் மிகுதியானவை, ஒரு புறம் துவைக்கும் தொட்டியும் மறு புறம் பிழியும் தொட்டியும் உள்ள இரட்டைத் தொட்டி வகையே. ஆகவே அவ்வகையைப் பற்றியே இங்கு விளக்குவோம்.

துவைக்கும் தொட்டியின் அடியில் ஒரு மோட்டார் உண்டு. அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,400 சுற்றுகள் சுற்றும். இத்தனை வேகத்தில் துணியைச் சுழற்றினால் துணி கிழிந்துவிடும். ஆகவே வேகத்தைக் குறைத்துத் திருப்பும் வலிமையைக் கூட்ட வேண்டும். மோட்டாரின் அச்சில் ஒரு சிறிய புல்லியும், தொட்டியின் அச்சில் ஒரு பெரிய புல்லியும் பொருத்தி, இரண்டையும் பெல்ட்டால் இணைத்திருப்பது இதற்காகவே. சிறிய புல்லி 4 சென்டிமீட்டர், பெரிய புல்லி 20 சென்டிமீட்டர் விட்டமுள்ளவை என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது வேகம் ஐந்தில் ஒரு பங்காகி, நிமிடத்திற்கு 280 சுற்றுகளாகக் குறையும். எண்ணெய் எஞ்சினைக் கொண்டு பம்பையோ அரைவை யந்திரத்தையோ ஓட்டிய விவசாயிகளுக்கு இக்கணக்குப் புதிதன்று.

சில யந்திரங்களில் பெரிய புல்லியின் அச்சே நேராகத் தொட்டிக்குள் சென்று சுழல் தட்டைத் திருப்பும். வேறு சிலவற்றில் புல்லிக்கும் தட்டிற்கும் இடையே ஒரு கியர் பெட்டி இருக்கும். அதன் நடுவில் ஒரு சிறு பற்சக்கரமும், அதைச் சூழ்ந்து சில பற்சக்கரங்களும், இவற்றிற்கு வெளியே உட்புறம் பல் வெட்டிய ஒரு வளையமும் அமைந்திருக்கும். நடுச்சக்கரம் சுழலும்போது சுற்றியுள்ள சக்கரங்கள் வளையத்தின் உள்ளே உருண்டு செல்லும். அவற்றைத் தாங்கும் சட்டம் மெதுவாகவும் வலுவாகவும் திரும்பும். அந்தச் சட்டத்தோடு இணைந்த அச்சே துணியைச் சுழற்றுகிறது.

அமெரிக்க நாட்டில் மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்காக, காலால் உதைத்து இயக்கும் சிறு பெட்ரோல் எஞ்சின் பொருத்திய சலவை யந்திரங்களை மேடாக் நிறுவனத்தார் ஒரு காலத்தில் விற்று வந்தனர். விசையைத் தருவது எஞ்சினாயினும் மோட்டாராயினும், அதைத் துணி வரை கொண்டு சேர்க்கும் பாதை ஒழுங்காக இல்லையேல் பயனில்லை. மோட்டார், பெல்ட், புல்லி, கியர், அச்சு, சுழல் தட்டு என்னும் இவ்வரிசையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். குறை எதுவாயினும் இந்தப் பாதையைப் படிப்படியாகத் தொடர்ந்து சென்றால் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

நீரே முதற் பகைவன்

நீரை வைத்துக்கொண்டு வேலை செய்யும் இந்த யந்திரத்திற்கு நீரே பகைவனாகவும் இருக்கிறது. தொட்டியின் அடியில் துளையிட்டுத்தான் அச்சு உள்ளே செல்கிறது. அத்துளை வழியே நீர் கீழே இறங்காமல் தடுப்பது, கடைகளில் ஆயில் சீல் என்று கேட்டு வாங்கும் ரப்பர் வளையம். அதன் மெல்லிய உதடு அச்சை எந்நேரமும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். உதடு தேய்ந்தால் சோப்பு நீர் பேரிங்கிலும் கியர் பெட்டியிலும் புகுந்து, உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்து, இரும்பைத் துருவாக்கிவிடும்.

தருமபுரி மாவட்டத்தில் இதற்குக் கூடுதலான காரணமும் உண்டு. கடினப் பாறைப் பகுதியான இங்கு ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. இந்நீரில் உள்ள ஃபுளோரைடின் தீமையைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டில் பயன்பாட்டிற்கு வந்தது. எனினும் துணி துவைக்கப் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரே உபயோகமாகிறது. அதிலுள்ள சுண்ணாம்பு அச்சின் மேல் காறையாகப் படிகிறது. நீருடன் வரும் நுண்மணலும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. அச்சு திரும்பும் ஒவ்வொரு தடவையும் இவை ரப்பர் உதட்டை அரத்தைப் போல அராவுகின்றன.

ஆகவே நீரை மெல்லிய துணியால் வடிகட்டித் தொட்டியில் விடுவது நலம். வேலை முடிந்ததும் சோப்பு நீரைத் தேங்கவிடாமல் வடித்து, நல்ல நீரால் ஒரு முறை அலசிவிட வேண்டும். வயலில் உடுத்திய துணிகளின் சேற்றை வெளியே உதறி அலசிய பிறகே யந்திரத்தில் போட வேண்டும். சட்டைப் பையில் நாணயமோ ஊக்கோ ஆணியோ உள்ளதா என்று பார்ப்பதும் அவசியம். சுழல் தட்டின் கீழே சிக்கிய ஓர் ஊக்கு, வளையத்தை ஒரே நாளில் அறுத்துவிடக்கூடும்.

தொடுவதற்கு முன்

பழுது பார்க்கத் தொடங்குமுன் மின்சார இணைப்புச் செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஸ்விட்சை மட்டும் நிறுத்துவது போதாது. இணைப்பைக் கழற்றிய பிறகும் மோட்டாருடன் சேர்ந்த கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். எனவே அதையும் கம்பி இணைப்புகளையும் தேர்ந்த எலக்ட்ரீஷியனே தொட வேண்டும். மூன்று முனைச் செருகியும், முறையாகப் புதைத்த எர்த் இணைப்பும் இன்றிச் சலவை யந்திரத்தை ஓட்டவே கூடாது. 30 மில்லி ஆம்பியர் அளவில் மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துவது மேலும் பாதுகாப்பாகும். யந்திரத்தின் மேல் கை வைக்கும்போது சிறிது சுருக்கென்றாலும் அன்றே அதை நிறுத்திவிட வேண்டும்.

குறையைக் கண்டறிதல்

பின்புற மூடியைத் திறந்து, முதலில் கண்ணால் பாருங்கள். தொட்டியின் அடியில் பழுப்பு நிறக் கறையோ, துரு வழிந்த கோடோ தெரிந்தால் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். பிறகு பெல்ட்டைக் கழற்றி, பெரிய புல்லியைக் கையால் சுற்றுங்கள். மாவு சலிப்பது போல மெல்ல, ஒரே சீராகச் சுற்றினால் நல்லது. மணலை அரைப்பது போல ஒலித்தால் பேரிங் கெட்டிருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் தட்டி நின்றால் பற்சக்கரத்தில் பல் உடைந்திருக்கலாம். புல்லியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அச்சு ஆடினாலும் பேரிங் தேய்ந்ததே காரணம். இவ்வாறே மோட்டாரின் அச்சையும் தனியே சுற்றிப் பார்த்தால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கிவிடும்.

மோட்டார் ஓடியும் சுழல் தட்டு திரும்பாவிட்டால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: பெல்ட் அறுந்தோ நழுவியோ போயிருக்கலாம், புல்லியின் திருகு தளர்ந்திருக்கலாம், தட்டின் நடுத்துளையில் உள்ள பற்கள் மழுங்கி, அச்சு மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கலாம். கடைசியாகச் சொன்ன குறைக்குத் தட்டை மட்டும் மாற்றினால் போதும்.

மோட்டார் ரீங்காரமிட்டுக்கொண்டு சுற்றாமல் நிற்குமானால், உடனே கியர் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். இணைப்பைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். எளிதாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர் வலுவிழந்திருக்கும். மின் அழுத்தக் குறைவும் காரணமாக இருக்கலாம். இவ்வகை மோட்டாரில் அழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 184 வோல்ட்டாக, அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே, திருப்பும் வலிமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். பம்பு செட்டுகள் ஓடும் நேரத்தில் அழுத்தம் தாழும் ஊர்களில், சலவையை வேறு நேரத்திற்கு மாற்றினாலே குறை தீர்ந்துவிடுவதும் உண்டு. தட்டு ஒரு திசையில் மட்டும் சுற்றி, மறு திசையில் திரும்பாவிட்டால் பிழை நேரக் கருவியிலோ அதன் கம்பியிலோ இருக்கும். அதற்கும் கியருக்கும் சம்பந்தமில்லை.

ரப்பர் வளையத்தை மாற்றும் முறை

வேலையைத் தொடங்கும்போது ஒவ்வொரு பகுதியையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் திருகுகளை வரிசையாக ஒரு தட்டில் வையுங்கள். சுழல் தட்டின் நடுவிலுள்ள திருகை எடுத்தபின் தட்டை மேலே தூக்க வேண்டும். நம் பகுதி நீரில் அது காறை பிடித்து இறுகியிருக்கும். கடப்பாறையாலோ திருப்புளியாலோ நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்து சிறிது நேரம் ஊறவிட்டு, தட்டின் விளிம்புக்குக் கீழே எதிரெதிராக இரண்டு நாடாக்களைச் செருகி, இரு பக்கமும் ஒரே சமமாக இழுத்தால் வந்துவிடும்.

பின்னர் யந்திரத்தை மெல்லச் சாய்த்து, பெல்ட்டையும் புல்லியையும் எடுத்து, அடியிலுள்ள திருகுகளைத் தளர்த்தி, கியர் பெட்டியையோ பேரிங் கூட்டையோ வெளியே எடுக்கலாம். பழைய வளையம் எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்வது மிக முக்கியம். பொதுவாக, சிறு சுருள்கம்பி தெரியும் பக்கம் நீரை நோக்கியிருக்கும். வளையத்தின் மேல் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகியவை மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய வளையத்தையே கடைக்கு எடுத்துச் சென்று, அதே அளவுள்ளதை வாங்க வேண்டும். பேரிங்கிற்கும் இப்படியே எண் உண்டு. அந்த எண் ஒன்றாயிருந்தால், யந்திரத்தின் பெயரைப் பார்க்க வேண்டியதில்லை. பம்பு செட்டு உதிரிச் சாமான் விற்கும் கடைகளிலும் இவை கிடைக்கக்கூடும்.

புதிய வளையம் பொருந்துமுன் அச்சைத் துடைத்துப் பாருங்கள். விரல் நகத்தில் தட்டுப்படும் அளவு பள்ளம் விழுந்திருந்தால் புதிய வளையமும் விரைவில் ஒழுகும். அந்நிலையில் அச்சையும் மாற்றியே தீர வேண்டும். அச்சு வழவழப்பாக இருந்தால், வளையத்தின் உதட்டில் நீரில் கரையாத கிரீஸைச் சிறிது தடவி, மரக்கட்டை ஒன்றை மேலே வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். எல்லாவற்றையும் பூட்டிய பிறகு உடனே ஓட்ட வேண்டாம். தொட்டியில் நீரை நிரப்பி, அடியில் உலர்ந்த செய்தித்தாளை விரித்து, ஒரு மணி நேரம் காத்திருங்கள். தாள் நனையாவிட்டால் வேலை செவ்வையாக முடிந்தது என்று அறியலாம்.

பெல்ட்டும் மசகும்

பெல்ட்டின் நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவு தாழ வேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் வழுக்கும். தாழாமல் விறைத்து நின்றால் பேரிங்கை இழுத்துக் கெடுக்கும். மோட்டாரைத் தாங்கும் திருகுகள் நீண்ட துளையில் அமைந்திருந்தால், அவற்றைத் தளர்த்தி, மோட்டாரைச் சற்று நகர்த்தி இறுக்கலாம். இந்த பெல்ட் தன் இரு பக்கங்களாலேயே புல்லியைப் பற்றுகிறது. புல்லியின் பள்ளத்தின் அடிப்பாகம் பளபளப்பாகத் தெரிந்தால், பெல்ட் மெலிந்து அடியில் உரசுகிறது என்று பொருள். அதை மாற்றிவிட வேண்டும். எஞ்சின் பட்டைக்குப் பிசின் தடவும் வழக்கத்தை இங்கே பின்பற்றக் கூடாது. எண்ணெய் படுவதும் ஆகாது.

கியர் பெட்டியில் தேங்காய் எண்ணெயையோ கடலை எண்ணெயையோ விளக்கெண்ணெயையோ ஊற்றுவோர் உண்டு. இவை நாளடைவில் பசைபோல் இறுகிவிடும். வண்டி மையும் இதற்கு உகந்ததன்று. தயாரிப்பாளர் குறிப்பிட்ட கிரீஸையோ கியர் எண்ணெயையோ மட்டுமே இட வேண்டும். முன்பிருந்தது கிரீஸானால் கிரீஸ், எண்ணெயானால் எண்ணெய் என்பதே விதி.

பிழியும் தொட்டி

பிழியும் தொட்டிக்குத் தனி மோட்டார் உண்டு. இங்கு பெல்ட் கிடையாது. மோட்டாரின் அச்சு நேராகவே தொட்டியைச் சுழற்றும். மூடியைத் திறந்தவுடன் ஒரு கம்பி தளர்ந்து, பிரேக் கட்டை அச்சோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும். மூடியைத் திறந்த சில விநாடிகளில் தொட்டி நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுற்றிக்கொண்டேயிருந்தால் பிரேக் தேய்ந்திருக்கிறது. சுழலும் துணியில் குழந்தையின் கை சிக்கினால் பெருந்தீங்கு நேரும். ஆகவே அதைச் சரிசெய்யும் வரை பிழியும் தொட்டியை உபயோகிக்கலாகாது. இதற்கு மாறாக, மூடி மூடியிருக்கும்போதே பிரேக் உரசினால் கருகிய வாடை வரும். கம்பி நீண்டுவிட்டதே அதற்குக் காரணம். கம்பியை இழுத்துக் கட்டினால் சரியாகும். இத்தொட்டியின் அடியிலுள்ள மடிப்பு ரப்பர் கிழிந்தால் நீர் நேராக மோட்டாரின் மேலேயே சொட்டும். மோட்டார் எரிவதோடு உயிருக்கும் ஆபத்து. ஆறு மாதத்திற்கு ஒரு முறையேனும் இதைப் பார்த்துவிட வேண்டும்.

மேலே கூறியவற்றோடு, எளிய சில வழக்கங்களையும் கைக்கொண்டால் யந்திரம் நெடுங்காலம் உழைக்கும். நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிய வேண்டும். யந்திரத்தில் குறித்துள்ள 6 கிலோ என்பது உலர்ந்த துணியின் எடை. தடித்த கம்பளியையும் ஜமுக்காளத்தையும் அதில் திணித்தல் தவறு. தானியம் உள்ள வீடுகளில் எலி அடிப்புறம் வழியே புகுந்து பெல்ட்டையும் கம்பியையும் கடித்துவிடும். கீழே கம்பி வலை அடிப்பது இதற்கு நல்ல தடுப்பு.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது தருமபுரி மாவட்டத்தில்தான். பெண்களின் சேமிப்புக்கு வழிகாட்டிய மாவட்டம், அவர்களுடைய உழைப்பைச் சேமிப்பதிலும் வழிகாட்டலாகாதா? ஒரு குழு, ஸ்பேனர் செட்டு, புல்லியைக் கழற்றும் கருவி, மின்சாரச் சோதனைக் கருவி ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று ஊருக்குத் திரும்பிய இளைஞர்களும் யுவதிகளும் உள்ள ஊர்களில், மாதத்திற்கு ஒரு நாள் பழுது பார்க்கும் நாளாக வைத்துக்கொள்ளலாம். ஊரிலுள்ள யந்திரங்களின் வளைய அளவு, பேரிங் எண், பெல்ட் எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், உதிரிச் சாமானைத் தேடி ஒவ்வொருவரும் தருமபுரிக்கும் அரூருக்கும் தனித்தனியே அலைய வேண்டியிராது.

தொட்டி வெடித்து, மோட்டாரும் எரிந்துபோன யந்திரத்தைக் காப்பாற்ற முயல்வது வீண் செலவே. அதிலுள்ள நல்ல புல்லியையும் திருகுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை முறையாக அப்புறப்படுத்த வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, சலவை யந்திரமும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டிய பொருளாகும். அதை ஏரிக்கரையில் எறிவதோ, கம்பிகளைக் கொளுத்திச் செம்பு எடுப்பதோ கூடாது.

ஆனால், தூக்கியெறிய நினைக்கும் யந்திரத்தை அதற்கு முன் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. மோட்டாரிலிருந்து தொடங்கி, பெல்ட், புல்லி, கியர், அச்சு என்று வரிசையாகப் பாருங்கள். எந்த இடத்தில் விசை நின்றுவிட்டது என்று கேளுங்கள். மேலே சொன்ன பென்னாகரம் வட்டாரத்து வீட்டில் கேழ்வரகு இப்பொழுது குதிரில் இருக்கிறது. யந்திரம் துணி துவைக்கிறது. துவைகல்லருகே கழிந்த பொழுது அந்த அம்மையாருக்கு மிச்சமாகியிருக்கிறது.